முகநூலை விட்டு 2 வருசம்: வயலினோட என்ன செய்யிறன் எண்டு கேட்டவைக்கு

மந்தரம் எழுதியது:

கனபேர் தனித்தனியக் கேட்டிட்டினம். "எங்க போட்டாய், ஒண்டையும் காணேல்லை, வாசிக்கிறதை விட்டிட்டியோ?" ஒவ்வொருத்தருக்கும் சொல்லி முடியாது, அதால இதில ஒருக்கா வடிவா எழுதி விடுறன்.

வாசிக்கிறதை விடேல்லை. முகநூல், யூரியூப், ரிக்ரொக் மூண்டையும் விட்டனான். இப்ப 2 வருசமாகுது. இந்தக் களம் மட்டும் மிச்சம். இஞ்ச ஆக்கள் முழுக்க வாசிச்சுப்போட்டுத்தான் பதில் எழுதுவினம்.

என்னைத் தெரியாத ஆக்களுக்கு: நான் வயலின்காரன். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லை, சக்கர நாற்காலியிலதான் சீவியம். எப்பிடிக் காயம் பட்டது எண்டதை எழுதப் போறேல்லை. இத்தனை வருசமும் என்னைச் சந்திச்ச ஆக்கள் முதல் கேட்ட கேள்வி அதுதான். என்ன ராகம் வாசிச்சனி எண்டு கேட்டவை குறைவு.

ஏன் விட்டனான் எண்டால், ஒரு கோயில் கச்சேரியில தோடி வாசிச்சனான். 40 நிமிசம். காந்தாரத்தில, அதாவது 'க' ஸ்வரத்தில, நிண்டு நிண்டு போன ஆலாபனை. எனக்கே திருப்தியா வந்த நாள். ஆரோ ஒரு தம்பி அதை வீடியோ எடுத்து, ஒன்றரை நிமிசமா வெட்டிப் போட்டார். கமரா என்ர கையில தொடங்கி மெல்ல இறங்கிச் சில்லில வந்து நிக்குது. பின்னணியில என்ர தோடி இல்லை. அதை எடுத்துப்போட்டு ஆற்றையோ சோகமான புல்லாங்குழலைப் போட்டிருக்கிறார். ஆயிரக்கணக்கில பகிர்ந்திச்சினம். அழுகிற முகம் போட்டிச்சினம். நான் வாசிச்சதை அதில ஒருத்தரும் கேட்கேல்லை, கேட்கிறதுக்கு அது அதில இருக்கேல்லை.

அந்தத் தம்பியில கோவமில்லை, நல்ல மனசோடதான் செய்தவர். என்னைப் பயப்படுத்தினது பேந்து நடந்தது. ஆலாபனை போய்க்கொண்டிருக்கேக்கையே எந்த இடத்தை வெட்டிப் போடலாம் எண்டு மனம் கணக்குப் பார்க்கத் துவங்கிட்டுது. ஒரு நாள் கல்யாணியில தார ஸ்தாயிக்கு (மேல் ஸ்வரங்களுக்கு) அவசரப்பட்டு ஏறினன். ஏன் ஏறினன் எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு இரவே எல்லாத்தையும் மூடினன்.

சரி, இப்ப என்ன செய்யிறன்.

முதலாவது, தாங்கி. எங்கட முறையில வயலினின்ர தலை வலது கணுக்காலில ஊண்டி இருக்கும், மற்றப் பக்கம் நெஞ்சில. அப்பத்தான் இடது கை வயலினைத் தாங்காமல் மேலும் கீழும் ஓடும், கமகம் (ஸ்வரத்தின்ர அசைவு) வரும். எனக்குக் காலில உணர்ச்சி இல்லாதபடியால் மரம் அழுத்துதோ வழுக்குதோ தெரியாது. ஒரு திருவிழாக் காலம் முழுக்க வாசிச்சு, வேட்டியில ஈரம் கண்டபிறகுதான் கணுக்காலில புண் எண்டு தெரிஞ்சுது. ஆற 4 மாசம் எடுத்தது.

ஒழுங்கைக்குள்ள தச்சுவேலை செய்யிற அண்ணை ஒருத்தர் இருக்கிறார். அவரும் நானுமா, கதிரையின்ர வலது கைபிடியில பூட்டிக் கழட்டுற மாதிரி ஒரு மரத்தாங்கி செய்தம். முதல் முதிரையில. பாரம், அதோட நாதம் மந்தமாப் போச்சு. பேந்து பூவரசம் பலகை. தலை இருக்கிற குழிக்குள்ள பழைய செருப்பின்ர றப்பரை வெட்டி ஒட்டினது. அரை விரற்கடை உயர்த்தினால் வில்லு நாலாந் தந்தியில நேரா விழாது. இறக்கினால் என்ர முழங்காலில இடிக்கும். 7ஆவது தரம் செய்ததைத்தான் இப்ப பாவிக்கிறன். ஒவ்வொரு தரமும் அந்த அண்ணை கிட்ட இருந்து காதைச் சாய்ச்சுக் கேட்பார். சங்கீதம் படிக்காத மனிசன். "இப்ப மரம் சத்தத்தைக் குடிக்கேல்லை" எண்டு 7ஆவதுக்குச் சொன்னவர். எனக்கு வந்த விமர்சனத்தில அதுதான் பெரிசு.

இரண்டாவது, கச்சேரியின்ர கட்டமைப்பு. முதுகுத்தண்டுக் காயக்காரருக்குத் தெரியும், ஒரே இருப்பில இருந்தால் அழுத்தப்புண் வரும். கால்மணி, அரைமணிக்கு ஒருக்கா இரண்டு கையையும் ஊண்டி உடம்பைத் தூக்க வேணும். முந்தி மேடையில வெக்கப்பட்டுத் தூக்காமல் இருந்து அதுக்கும் தண்டனை அனுபவிச்சனான். இப்ப மிருதங்கம் தனிய வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தைக் கடைசியில பெரிசா ஒண்டா வைக்காமல், உருப்படிகளுக்கு நடுவில நாலு சின்னனாப் பிரிச்சிருக்கிறம். மிருதங்கம் வாசிக்கேக்க நான் கை ஊண்டி எழும்புவன். ஆதி தாளம் 4 ஆவர்த்தனம் (சுற்று), 32 அட்சரம் (எண்ணிக்கை). அட்சரத்துக்கு ஒரு செக்கன் எண்டு வைச்சால் அரை நிமிசம் தாண்டும். நான் இறங்கி வில்லை எடுக்க அவர் கோர்வையை (கடைசியில வாற சொற்கட்டை) முடிப்பார். இதுக்கெண்டே கோர்வை கட்டிப் பழகினம்.

மூண்டாவதைப் பற்றித்தான் கூட எழுத விருப்பம். ஒப்பாரி, தாலாட்டு, அருவி வெட்டுப் பாட்டு, கடற்கரையில வலை இழுக்கேக்க பாடுற அம்பா, இதுகளைத் தேடிப் போய்ப் பதிஞ்சு, ஸ்வரப்படுத்தி எழுதுறன். சொல்லுகளை முந்தியே கனபேர் தொகுத்திருக்கினம். மெட்டைத்தான் காணேல்லை. பாடத் தெரிஞ்ச ஆக்கள் ஒவ்வொருத்தராப் போய்க்கொண்டிருக்கினம்.

பண்ணைப் பாலம் தாண்டி வேலணைப் பக்கம் ஒரு அம்மா. 80 தாண்டினவ. ஓட்டோவில கதிரையை மடிச்சு வைச்சுக்கொண்டு போனம். தாலாட்டைச் சிரிச்சுக்கொண்டு பாடினா. ஒப்பாரி எண்டவுடன முகம் மாறிட்டுது. "செத்தவீடு இல்லாத வீட்டுக்குள்ள அதைப் பாடப்படாது மோனை" எண்டா. நான் விட்டிட்டன். தேத்தண்ணி குடிச்சுப் புறப்படேக்க அவவே கூப்பிட்டா: "வளவுக்கு வெளியால வாரும், வடலிக்குள்ள பாடுறன்." வடலிக்கை மணல். சில்லுப் புதையுது. அந்த அம்மா உள்ள போய் இரண்டு ஓலைப்பாயை எடுத்துக்கொண்டு வந்து, கதிரைக்கு முன்னால ஒண்டை விரிக்க நான் உருட்ட, பின்னால கிடக்கிறதை எடுத்து முன்னால விரிக்க நான் உருட்ட, அப்பிடியே வேலியில இருந்து வடலி மட்டும் கொண்டு போனா. ஒருவரும் அதை வீடியோ எடுக்கேல்லை.

பாடினது அவவின்ர தாய்க்குப் பாடின ஒப்பாரி. அதில ஒரு காந்தாரம் வருது. சாதாரண காந்தாரமும் (கீழ் 'க') இல்லை, அந்தர காந்தாரமும் (மேல் 'க') இல்லை, இரண்டுக்கும் நடுவில ஒரு இடம். ஒவ்வொரு தரமும் பிசகாமல் அதே இடத்தில நிக்கிறா. ஒரு வரியை எழுத எனக்கு மூண்டு பின்னேரம் போச்சு, இன்னும் சரியா எழுதேல்லை. போன் மணி அடிச்சுக்கொண்டிருந்த காலத்தில இந்த மூண்டு பின்னேரம் எனக்குக் கிடைச்சிராது.

தேரடி எழுதியது:

அண்ணை, அந்த வீடியோவை நானும் பகிர்ந்தனான். "தன்னம்பிக்கை" எண்டு தலைப்பும் போட்டனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அது தோடி எண்டு இண்டைக்குத்தான் தெரியும்.

சபைக்காரன் எழுதியது:

தம்பி, கோவிக்காதையும். உம்மட வாசிப்பில எனக்கு மதிப்பிருக்கு, அதாலதான் எழுதுறன்.

நான் ஒரு இசைச் சபையில கனகாலமா ஓடித் திரியிறவன். வருசத்தில ஒரு விழா. மண்டபம், ஒலியமைப்பு, பக்கவாத்தியக்காரருக்குச் சன்மானம், சாப்பாடு. காசு வெளிநாட்டில இருந்துதான் வருது. குடுக்கிற ஆக்கள் "ஆர் வாசிக்கினம், லிங்க் அனுப்புங்கோ" எண்டு கேட்பினம். உம்மட பேரைச் சொல்லி லிங்க் இல்லை எண்டால் அடுத்த ஆளுக்குப் போயிடுவினம். போன வருசம் அதுதான் நடந்தது, உமக்குத் தெரியாது.

அந்தக் காலம் வேற. எங்கட ஐயா தெட்சணாமூர்த்தியின்ர தவிலுக்கெண்டே கோயில் கோயிலாச் சைக்கிளில போனவர். தெட்சணாமூர்த்தி 1975ல காலமானவர். அவற்றை வாசிப்பைப் பற்றி ஐயா 90களிலயும் கதைச்சுக்கொண்டிருந்தவர். ஆர் நல்லா வாசிக்கிறான் எண்ட கதை அப்ப சந்தையில, தேத்தண்ணிக் கடையில, தேர்முட்டியடியில பரவினது. இப்ப அந்தச் சந்தை போனுக்குள்ளதான் இருக்கு. நீர் சந்தையை விட்டு வெளியேறினால் உமக்குப் பின்னால வாற கால் ஏலாத, கண் தெரியாத பிள்ளையளுக்கு, இப்பிடி ஒருத்தர் வாசிக்கிறார் எண்டது எப்பிடித் தெரிய வரும்?

ஆறுபுள்ளி எழுதியது:

சபைக்காரன் ஐயாவின்ர கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். நான் பிறவியில இருந்து கண் தெரியாத ஆள். வாய்ப்பாட்டும் ஹார்மோனியமும் படிப்பிக்கிறன். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளையளை ஆயத்தப்படுத்துறன். மந்தரம் தம்பி எழுதினதை என்ர கணினி எனக்கு வாசிச்சுக் காட்டினது. அந்த என்விடிஏ எண்ட மென்பொருளைச் செய்து 2006ல இலவசமா விட்ட அவுஸ்திரேலியாக்காரர் இரண்டு பேரும் கண் தெரியாத ஆக்கள்தான்.

தம்பி, நீங்கள் விட்டது உங்களுக்குச் சரி. ஆனால் எனக்கு வட்ஸ்அப் குரல்பதிவு ஒரு வாசல். முந்தி ஒரு கீர்த்தனை பாடமாக்க ஆராவது வந்து திருப்பித் திருப்பிப் பாடிக் காட்ட வேணும். பஸ் ஏறி மருதனார்மடம் போய், ஆள் இல்லையெண்டு திரும்பி வந்த நாளெல்லாம் இருக்கு. இப்ப என்ர மாணவி ஒருத்தி கிளிநொச்சியில இருந்து கீர்த்தனையில ஒரு சங்கதியைப் பாடி அனுப்புறாள், நான் திருத்தி அனுப்புறன். படம் மட்டும் போட்டு ஒரு வரி எழுதாமல் விடுற இடங்கள் எனக்குச் சுவர் மாதிரித்தான். குரல் இருக்கிற இடம் வேற.

மற்றது, ஸ்வரம் எழுதுறது பற்றிச் சொன்னீங்கள். பிரெயிலில எங்களுக்கு ஒரு கரைச்சல் இருக்கு. அச்சில மந்தர ஸ்தாயிக்கு எழுத்துக்குக் கீழ ஒரு புள்ளி, தாரத்துக்கு மேல ஒரு புள்ளி. எங்களுக்கு எழுத்தே புள்ளி. மேலயும் கீழயும் இன்னொண்டு வைக்க இடமில்லை. அதால ஸ்தாயி மாறுற இடத்தில எழுத்துக்கு முன்னால ஒரு தனிக் குறி வைச்சு எழுதுறது எண்டு நான் எனக்கொரு முறை வைச்சிருக்கிறன். என்ர பிள்ளையள் அதிலதான் வர்ணம் வாசிக்கினம். லூயி பிரெயில் தானும் தேவாலயத்தில ஓர்கன் வாசிச்சவர். மேற்கத்திய இசையை எழுதுறதுக்கும் அந்த மனிசன் முறை வகுத்தவர். எங்கட சங்கீதத்துக்கு அதை நாங்கள்தான் செய்ய வேணும்.

அந்த அம்மாவின்ர காந்தாரத்தை எனக்குக் கேட்க வேணும்.

மந்தரம் எழுதியது:

ரீச்சர், நீங்கள் சொன்னது சரி. நான் எல்லாருக்கும் விடச் சொல்லேல்லை. உங்கட முறையை ஆறுதலா எனக்கு விளங்கப்படுத்துங்கோ, ஸ்வரம் எழுதுற கொப்பியை இரண்டு விதமாயும் செய்யலாம்.

சபைக்காரன் ஐயா, சந்தை எண்டீங்கள். ஒரு விசயம் சொல்லுறன். ஒரு மண்டபத்தில என்னைக் கூப்பிட்டவை. மேடைக்கு 8 படி. நாலு பெடியள் கதிரையோட தூக்கினவை. தூக்கேக்க சுத்தி நிண்டு போட்டோ எடுத்திச்சினம், "கொஞ்சம் நில்லுங்கோ" எண்டு படி நடுவில நிப்பாட்டியும் எடுத்தவை. மேலால போய் இருந்து பார்க்கிறன், வயலினைக் காணேல்லை. கீழ, செருப்புக் கழட்டுற இடத்துக்குப் பக்கத்து மேசையில பெட்டி கிடக்குது. அதை ஒருத்தரும் தூக்கேல்லை. ஐயா, எனக்குச் சந்தை வேண்டாம் எண்டில்லை. அந்தச் சந்தையில என்னத்தைக் காட்டி விக்கினம் எண்டதைத்தான் பார்க்கச் சொல்லுறன்.

இப்ப ஒவ்வொரு போயா (பூரணை) நாளும் பின்னேரம் எங்கட வீட்டு முத்தத்தில வாசிக்கிறம். மைக் இல்லை, மேடை இல்லை. சாக்கும் பாயும் போட்டுச் சனம் இருக்கும், நான் கதிரையில, மிருதங்கக்காரர் வாங்கில. முதல் மாதம் 6 பேர். இப்ப 30 பேர் மட்டில வருகினம். சந்தியில இருக்கிற கடைக்காரர் தானே கேட்டுச் சொல்லி விடுறார். ஒரு அம்மா மீன் வித்துப்போட்டு வெறும் கூடையோட வந்து இருப்பா. போன போயாவுக்கு "அண்டைக்கு வாசிச்ச அந்த இழுவைப் பாட்டை வாசி தம்பி" எண்டு கேட்டா. அது சுபபந்துவராளி ராகம். போனுக்குள்ள எனக்கு அப்பிடி ஒரு ரசிகை கிடைச்சதில்லை.

பனிக்காடு எழுதியது:

அண்ணை, நான் ரொறன்ரோவில. நீங்கள் வெள்ளிக்கிழமைகளில போடுற தேவார வாசிப்பை எங்கட அம்மா ஒரு கிழமையும் விடாமல் கேட்பா. அம்மா கட்டிலோட. நீங்கள் நிப்பாட்டின பிறகு "அந்தப் பிள்ளைக்குச் சுகமில்லையோ" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. நான் என்ன சொல்ல? நீங்கள் எழுதின நியாயம் விளங்குது. ஆனால் அங்க அழுகிற முகம் போட்ட ஆக்களுக்கு நடுவில உண்மையாக் கேட்ட ஆக்களும் இருந்தவை. அவையையும் சேர்த்துத்தான் கதவைச் சாத்தினீங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வலுவிழந்த கலைஞரை மற்றவை எப்பிடி ஞாபகம் வைக்கினம் எண்டதில எனக்குக் கனநாளா ஒரு யோசனை. போல் விற்கென்ஸ்ரைன் எண்டு வியன்னாக்காரர், முதலாம் உலகப் போரில வலக்கை போன பியானோக் கலைஞர். இடக்கைக்கு மட்டும் இசை எழுதித் தரச் சொல்லிப் பெரிய இசையமைப்பாளர்களுக்குக் காசு குடுத்து எழுதுவிச்சவர். அதில ராவெல் எழுதினதை 1932ல முதல் முதலா மேடையேத்தினவர். வாசிக்கேக்க தன்ர எண்ணத்துக்கு மாத்தி வாசிச்சு, ராவெலோட சண்டையும் பிடிச்சவர். எனக்கு அவரில பிடிச்சது அந்தச் சண்டைதான். கை போன மனிசன், பாவம் எண்டு ஒருவரும் விட்டுக்குடுக்கேல்லை, அவரும் விட்டுக்குடுக்கேல்லை. சண்டை முழுக்க இசையைப் பற்றி.

எங்கட பக்கத்திலயும் அந்தகக்கவி வீரராகவ முதலியார் எண்டு கண் தெரியாத புலவர் யாழ்ப்பாணத்து அரசன் பரராசசேகரனிட்ட வந்து பாடிப் பரிசில் வாங்கினவர் எண்டு ஒரு மரபுக் கதை இருக்கு. அதில அரசன் கேட்டது பாட்டை.

மந்தரம், பதிவுகளை உங்கட கணினியில மட்டும் வைச்சிருக்காதையுங்கோ. நூலகம் எண்ட எண்ணிம நூலகம் 2005ல இருந்து எங்கட ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கு, ஒலிப்பதிவுகளும் எடுக்கினம். அங்க விருப்பக்குறி அமத்துற வேலை இல்லை. வேணுமெண்டவர் தேடிப் போய்க் கேட்பார்.

தனியாவர்த்தனம் எழுதியது:

மேல "மிருதங்கக்காரர்" எண்டு எழுதினது என்னைத்தான். ஒண்டு சொல்லாமல் விட்டிட்டான். அந்த 32 அட்சரத்துக்குக் கோர்வை கட்டினது அவன். எனக்குத் தனி எண்டால் கை பரபரக்கும், நீட்டி வாசிக்கத்தான் ஆசை. முதல் இரண்டு போயாவும் நான் மறந்து நீட்டிப்போட்டன். அவன் கையில தூக்கி நிண்டபடி, முழங்கை நடுங்க நடுங்க, வாயால தாளம் சொல்லிக்கொண்டு நிக்கிறான். இறங்கச் சொல்லி நான் கண்ணைக் காட்ட, "மாட்டன்" எண்டு அவன் தலையை ஆட்டுறான், கோர்வை முடியாமல் இறங்க அவனுக்கு மனமில்லை. அண்டைக்குப் பிறகு நான் ஒரு நாளும் நீட்டேல்லை. சின்னத் தனியில எவ்வளவு சொல்லலாம் எண்டு இப்பத்தான் படிக்கிறன்.

சபைக்காரன் எழுதியது:

செருப்பு மேசைக் கதையை வாசிச்சுப்போட்டு இரவு நித்திரை வரேல்லை. எங்கட மண்டபத்திலயும் படிதான்.

சாய்தளம் வைக்க எவ்வளவு நீளம் வேணும்?

ஆறுபுள்ளி எழுதியது:

ஐயா, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் எண்டது பொதுவான கணக்கு. உங்கட மேடை 3 அடி எண்டால் 36 அடி. செய்யத்தான் வேணும். வலுவிழந்த ஆக்களின்ர உரிமை பற்றின 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், 2006ல வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களுக்கு இதைத்தான் சொல்லுது. அது கட்டி முடியும் மட்டும் மேடையை விட்டுக் கீழ, சனம் இருக்கிற தளத்தில கச்சேரியை வையுங்கோ. மலசலகூடத்துக் கதவின்ர அகலத்தையும் அளந்து பாருங்கோ. அதை ஒருத்தரும் கேட்க மாட்டினம், நாங்களும் வெக்கத்தில சொல்ல மாட்டம்.

மந்தரம் எழுதியது:

ரீச்சர் கடைசியாச் சொன்னதுக்கு நன்றி. கச்சேரிக்கு முதல் நாளே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுப்போட்டுப் போன நாளெல்லாம் இருக்கு.

பனிக்காடு தம்பி, நீர் எழுதினதை நாலு தரம் வாசிச்சன். உம்மட அம்மா மாதிரி ஆக்களை நான் யோசிக்கேல்லை. அது என்ர பிழை.

90களில கரண்ட் இல்லாத காலம், சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டிப் பெடலைக் கையால சுத்தி, டைனமோவில கசெட் கேட்டு வளர்ந்தனான். அண்ணன் சுத்துவார், நான் கேட்பன். அவருக்குக் கை களைக்கச் சுருதி இறங்கும். "கால்கட்டை இறங்கிட்டுது அண்ணா" எண்டு கத்துவன், திரும்ப ஏத்துவார். என்ர சுருதி ஞானம் அங்கதான் துவங்கினது. அந்தக் காலத்தில வெளிநாட்டில இருக்கிற மாமாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாக் கசெட்டில குரலைப் பதிஞ்சு அனுப்புவம். அப்பம்மா சுகம் விசாரிப்பா, நான் ஒரு கீதம் வாசிப்பன், பின்னால காகம் கத்தும். அவர் இரண்டு மாதத்துக்குப் பிறகு பதில் அனுப்புவார்.

அதே மாதிரி உம்மட அம்மாவுக்குச் செய்யிறன். ஒரு மணித்தியாலம் தேவாரம், அவவின்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டு. என்னென்ன பண் விருப்பம் எண்டு கேட்டுத் தனிமடலில எழுதும். மெமரி கார்ட்டில போட்டு, அந்தப் பக்கம் போற ஆக்களிட்டக் குடுத்து விடுறன். கொஞ்சம் சுணங்கும்.

ஏட்டுச்சுவடி, வேலணை அம்மாவின்ர பிள்ளையளிட்டயும் அனுமதி கேட்டுத்தான் எங்கயும் குடுப்பன். ஒப்பாரிக்கு அம்மா என்ன சொல்லுவா எண்டு தெரியேல்லை. வீட்டுக்குள்ளயே பாடாதவ, ஆற்றையோ வீட்டுக்குள்ள அது கேட்கிறதை விரும்புவாவோ? போய்க் கேட்க வேணும்.

பனிக்காடு எழுதியது:

அம்மாவிட்ட வாசிச்சுக் காட்டினன் அண்ணை. காந்தாரபஞ்சமம் எண்டு சொல்லச் சொன்னா. வேற ஒண்டும் சொல்லேல்லை, கண்ணை மூடிக்கொண்டா.

ஆறுபுள்ளி எழுதியது:

தம்பி, அந்தத் தாலாட்டை எண்டாலும் எனக்கு அனுப்புவீங்களோ? அதிலயும் அந்தக் காந்தாரம் வருதோ எண்டு பார்க்க வேணும். என்ர ஹார்மோனியத்தில அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை, இரண்டு கட்டைக்கும் நடுவில விரல் வைச்சுப் பார்த்தன். வாயால பிடிக்கலாம் எண்டு நினைக்கிறன்.

மந்தரம் எழுதியது:

வருது ரீச்சர், மூண்டாவது வரியில. தாலாட்டை ஆருக்கும் குடுக்கலாம் எண்டு அண்டைக்கே சொன்னவ. நாளைக்கு ஓட்டோக்காரத் தம்பி சுன்னாகம் வாறார், அவரிட்டக் கார்ட்டைக் குடுத்து விடுறன். அம்மா ஐந்தரைக் கட்டைச் சுருதியில துவங்கி ஐந்துக்கு இறங்குவா, சுருதிப்பெட்டி போட வேண்டாம். நடுவில ஒரு கோழி கொக்கரிக்கும், அம்மா அதை "சூ" எண்டு கலைச்சுப்போட்டு விட்ட எழுத்தில இருந்து திரும்பப் பிடிப்பா. அந்த இடத்தை நான் வெட்டேல்லை.